ராத்திரி ஓடிய ஸ்கிரிப்ட் காலையில் என்ன சொன்னது? – வாசகர் கேள்வி பதில்

லினக்ஸ் சர்வர் வேலைகளை ஸ்கிரிப்ட் எழுதித் தானாக நடக்க வைப்பது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தோம். கடலூர், புதுச்சேரி பக்கமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. கல்லூரி லேப், பள்ளிக்கூடம், முந்திரி ஏற்றுமதி அலுவலகம், ஸ்கேன் சென்டர் என்று பெரும்பாலும் ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற இடங்கள். கமாண்டுகளை நாம் வாயால் சொல்வது போலவே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினல் முன்னால் உட்கார்ந்தால் கை தானாக அடித்துவிடும்.

வணக்கம் சார். எங்கள் கல்லூரியில் ஐந்து உபுண்டு சர்வர்கள். தினமும் காலையில் ஒவ்வொன்றிலும் நுழைந்து டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது, அப்பாச்சி ஓடுகிறதா, அப்டேட் பாக்கி இருக்கிறதா என்று பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறேன். பல சர்வர்களை ஒன்றாக நிர்வகிக்கிற ஆன்சிபிள் கருவியைக் கற்றுக்கொள் என்கிறார் நண்பர். நேராக அதற்குப் போகலாமா?
*லேப் உதவியாளர், லாஸ்பேட்டை, புதுச்சேரி*

முதலில் பாஷ், அதாவது டெர்மினலில் நாம் அடிக்கிற கமாண்டுகளை வாங்கி ஓட்டுகிற ஷெல். இன்று மாலை வேலை முடிந்ததும் ஹிஸ்டரி என்று அடித்துப் பாருங்கள், தினமும் அடிக்கிற அதே ஏழெட்டு கமாண்டுகள் வரிசையாக நிற்கும். அவற்றை அப்படியே ஒரு ஃபைலில் போட்டு, மேலே 'இதை பாஷ் ஓட்டட்டும்' என்று சொல்லும் வரியைச் சேர்த்து, சிஹெச்மோட் மூலம் ஓடும் அனுமதி கொடுத்து ஓட விட்டால் உங்கள் முதல் ஸ்கிரிப்ட் தயார். அழகாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

அடுத்து, ஐந்து சர்வர்களின் பெயரையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒன்றாக எழுதி, அதை ஒவ்வொரு வரியாகப் படித்து எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து இன்னொரு சர்வருக்குள் நுழைகிற கமாண்ட்) மூலம் நுழையும் லூப் போடுவீர்கள். இங்கே எல்லோரும் ஒரு தடவை முட்டிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. வைல் ரீட் லூப்புக்குள் எஸ்எஸ்ஹெச் போட்டால் முதல் சர்வரை மட்டும் பார்த்துவிட்டு ஸ்கிரிப்ட் நின்றுவிடும், எரரும் வராது. காரணம், லூப் படிக்க வேண்டிய மிச்சப் பெயர்களையெல்லாம் தனக்கு வந்த இன்புட் என்று நினைத்து எஸ்எஸ்ஹெச் உறிஞ்சிவிடுகிறது. எஸ்எஸ்ஹெச் ஹைஃபன் என் என்று கொடுங்கள், சரியாகிவிடும். கூடவே பேட்ச்மோட் யெஸ் என்றும், கனெக்ட் டைம்அவுட் ஐந்து வினாடி என்றும் ஆப்ஷன் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு சர்வர் படுத்திருக்கும் நாளில் உங்கள் ஸ்கிரிப்ட் அதன் வாசலிலேயே காத்துக் கிடக்கும், அல்லது பாஸ்வேர்டு கேட்டு நிற்கும்.

டிஸ்க் பார்ப்பதற்கு டிஎஃப் ஹைஃபன் ஹெச் எல்லோருக்கும் தெரியும். டிஎஃப் ஹைஃபன் ஐ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடம் பாதிதான் நிறைந்திருக்கும், ஆனால் புது ஃபைல் எழுதவே முடியாது, 'இடம் இல்லை' என்றே எரர் வரும். ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்கில் ஒன்று தேவைப்படுகிற ஐநோட் என்ற பதிவு தீர்ந்துபோனால் இப்படித்தான் நடக்கும். பிஹெச்பி செஷன் ஃபைல்கள் லட்சக்கணக்கில் குவிந்த கல்லூரி சர்வர்களில் இது சகஜம்.

முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து சர்வரின் முழு விவரத்தையும் தினமும் மெயிலில் அனுப்புகிற மாதிரி எழுதாதீர்கள். இரண்டாவது வாரத்தில் அந்த மெயிலை நீங்களே திறக்க மாட்டீர்கள். எல்லாம் சரியாக இருந்தால் 'ஐந்தும் சரி' என்று ஒரே வரி, 85 சதவீதத்துக்கு மேல் நிறைந்த டிஸ்க் இருந்தால் அதன் பெயரும் அளவும் மட்டும். அந்த ஒரு வரியும் வராத நாளில் ஸ்கிரிப்டுக்கே ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆன்சிபிள் நல்ல கருவி, 2012-இலிருந்து இருக்கிறது, நண்பர் சொல்வதில் தப்பில்லை. 'இந்த பேக்கேஜ் இருக்க வேண்டும், இந்த ஃபைலில் இந்த வரி இருக்க வேண்டும்' என்று நிலையைச் சொன்னால் போதும், ஏற்கெனவே இருந்தால் அது தொடாது. எத்தனை தடவை ஓட்டினாலும் கெடுதல் இல்லை. அந்தப் பழக்கத்தை பாஷிலேயே கொண்டுவாருங்கள்: டைரக்டரி ஏற்கெனவே இருந்தால் எரர் சொல்லாத எம்கேடிர் ஹைஃபன் பி போடுவது, ஒரு வரியைச் சேர்க்கும் முன் கிரெப் ஹைஃபன் க்யூ வைத்து அது அங்கே இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு அப்புறம் ஆன்சிபிளுக்குப் போனால் அது என்ன செய்கிறது என்பது உங்களுக்குப் புரிந்தே இருக்கும்.

ஸ்கிரிப்டை நான் கையால் ஓட்டினால் அருமையாக ஓடுகிறது. கிரானில் போட்டால் ஓடவே மாட்டேன் என்கிறது. எரரும் எங்கேயும் தெரியவில்லை. தலை சுற்றுகிறது.
*ஏற்றுமதி நிறுவன ஊழியர், பண்ருட்டி*

கிரான் என்பது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுகிற சேவை. நீங்கள் டெர்மினலில் நுழைவது சாமான் எல்லாம் அடுக்கி வைத்த வீட்டுக்கு, கிரான் நுழைவது காலி வீட்டுக்கு. உங்கள் பாஷ்ஆர்சி ஃபைலில் நீங்கள் சேர்த்து வைத்த பாதை, மாறிகள், அலியாஸ் எதுவும் அதற்குத் தெரியாது. டெபியன், உபுண்டுவில் கிரானுக்குத் தெரிந்த பாத், அதாவது கமாண்டுகளைத் தேடும் இடம், வெறும் இரண்டு டைரக்டரி: ஸ்லாஷ் யூஎஸ்ஆர் ஸ்லாஷ் பின், ஸ்லாஷ் பின். லோக்கலில் நிறுவிய புரோகிராம் எதையும் அது கண்டுபிடிக்காது. எனவே ஸ்கிரிப்டின் தலையிலேயே பாத் மாறியை எழுதுங்கள், ஃபைல் பெயர்களை எல்லாம் ஸ்லாஷில் தொடங்கி முழுசாகக் கொடுங்கள்.

கிரான்டேப் (கிரானின் வேலைப் பட்டியல்) வரிக்குள்ளேயே தேதி போட்டு ஃபைல் பெயர் வைக்கப் பார்த்தீர்களா? அங்கே சதவீதக் குறிக்கு வேறு அர்த்தம். கிரான் அதைப் புது வரி என்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தை கமாண்டுக்கு இன்புட்டாக அனுப்பிவிடும். முன்னால் பேக்ஸ்லாஷ் போட வேண்டும், அதைவிட நல்லது தேதி வேலையை ஸ்கிரிப்டுக்குள் வைத்துக்கொள்வது. கிரான்டேப் வரியை ஓட்டுவதும் பாஷ் இல்லை, எஸ்ஹெச். உபுண்டுவில் அது டாஷ் என்கிற சின்ன ஷெல், பாஷுக்கே உரிய எழுத்து முறைகள் அங்கே செல்லாது.

எரர் தெரியவில்லை என்றீர்கள். கிரான் அதை லோக்கல் மெயிலில் போட முயலும். மெயில் அனுப்பும் மென்பொருளே சர்வரில் இல்லாவிட்டால் அந்த எரர் எங்கும் போய்ச் சேராது. வரியின் கடைசியில் அவுட்புட்டையும் எரரையும் ஒரு லாக் ஃபைலுக்குத் திருப்பி விட்டுவிட்டு நாளைக் காலையில் அதைப் படியுங்கள், காரணம் அங்கேயே எழுதியிருக்கும். பழைய எடுத்துக்காட்டுகளைப் பார்த்து எல்லாவற்றையும், எதைப் போட்டாலும் காணாமல் போகிற டெவ் நல்லுக்கு அனுப்பிவிடுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள், ஸ்கிரிப்ட் கத்துவதற்கு இருக்கிற ஒரே வாயையும் அடைத்து வைப்பது அது.

இன்னொன்று. வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர் என்றால் அதன் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரமான யூடிசியில் இருக்கும். ராத்திரி 2 மணி என்று நீங்கள் போட்டது நம் நேரத்துக்குக் காலை 7.30. அலுவலகம் திறந்து பில் போடத் தொடங்குகிற நேரத்தில் டேட்டாபேஸ் திணறுகிறது என்று புகார் வந்தால் முதலில் டைம்டேட்சிடிஎல் அடித்துப் பாருங்கள்.

எங்கள் பள்ளியில் கட்டணம், மதிப்பெண், மாற்றுச் சான்றிதழ் எல்லாமே ஒரே சர்வரில் இருக்கிறது. தினமும் ராத்திரி டேட்டாபேஸை டம்ப் எடுத்து (உள்ளதையெல்லாம் ஒரு ஃபைலாக எழுதி), சுருக்கி, பக்கத்தில் இருக்கிற யூஎஸ்பி டிஸ்கில் போடும்படி ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு வருஷமாக ஓடுகிறது. இது போதுமா?
*கணினி ஆசிரியை, கடலூர் முதுநகர்*

போதாது. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் இந்த இதழில் வந்த கேள்விகளிலேயே எனக்கு அதிகம் கவலை தந்தது உங்களுடையதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் காரியம், இன்றைக்கே அந்த யூஎஸ்பி டிஸ்கைத் திறந்து எல்எஸ் ஹைஃபன் எல் அடித்து ஃபைல்களின் அளவைப் பாருங்கள். 20 பைட் என்று ஏதாவது நிற்கிறதா? ஒன்றுமே இல்லாததை ஜிசிப் சுருக்கினால் கிடைப்பது 20 பைட் ஃபைல். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை யாரோ மாற்றியிருப்பார்கள், டம்ப் எடுக்கிற மைசீக்வல்டம்ப் உள்ளே நுழைய முடியாமல் எரர் சொல்லிவிட்டு வெளியேறியிருக்கும், ஆனால் அதன் அவுட்புட்டை அடுத்த கமாண்டுக்கு அனுப்புகிற பைப்பின் மறுமுனையில் இருந்த ஜிசிப் தனக்கு வந்த வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி 'என் வேலை முடிந்தது' என்று, வெற்றிக்கு அடையாளமான பூஜ்யம் எக்ஸிட் கோட் கொடுத்திருக்கும். பைப்பில் கடைசி கமாண்ட் என்ன சொல்கிறதோ அதைத்தான் பாஷ் நம்பும். தேதி போட்ட ஃபைல் தினமும் ஒன்று சேர்ந்துகொண்டே இருக்கும், பார்க்கிறவர்களுக்குப் பேக்கப் நடக்கிறது என்றே தோன்றும்.

இதற்கு மருந்து ஸ்கிரிப்டின் இரண்டாவது வரி: செட் ஹைஃபன் இ யூ ஓ பைப்ஃபெயில். பைப்பில் யார் தோற்றாலும் முழு வரியும் தோற்றதாகக் கணக்கு, தோற்ற இடத்தில் ஸ்கிரிப்ட் நிற்கும், மதிப்பு கொடுக்காத மாறியைத் தொட்டாலும் நிற்கும். அத்தோடு விடாமல் ஃபைல் முழுசாக வந்ததா என்றும் பாருங்கள். மைசீக்வல்டம்ப் ஒழுங்காக முடிந்தால் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று எழுதிவிட்டுத்தான் போகும். அந்த வரியைத் தேடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் போனுக்குச் செய்தி வரட்டும். டெலிகிராம் பாட் ஒன்று வைத்துக்கொண்டால் கர்ல் கமாண்ட் ஒரே வரியில் அனுப்பிவிடும்.

எவ்வளவு பெரிய இடத்திலும் இது நடக்கும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், உலகம் முழுக்க மென்பொருள் எழுதுகிறவர்கள் கோட் போட்டு வைக்கிற இடம் அது, ஒரு பொறியாளர் ராத்திரி வேலையில் வேறொரு சர்வர் என்று நினைத்து முக்கிய டேட்டாபேஸ் சர்வரிலேயே டைரக்டரியை அழிக்கத் தொடங்கிவிட்டார். ஓரிரு வினாடியில் சுதாரித்து நிறுத்தினார், அதற்குள் 300 ஜிபி அளவில் இருந்தது 4.5 ஜிபியாகிவிட்டது. சரி, பேக்கப்பிலிருந்து எடுக்கலாம் என்று போனால் அங்கே ஒன்றும் இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் ஓடிக்கொண்டிருக்க, டம்ப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பில் இருந்ததால் ஒவ்வொரு ராத்திரியும் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் போய்ச் சேரவில்லை, சரிபார்ப்பு இல்லாத மெயில் என்று அவை திருப்பப்பட்டுவிட்டன. ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வேறு வேலைக்காக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பிரதி) இருந்ததால் பிழைத்தார்கள், அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததை ஒளிக்காமல் அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள், அதற்காக அவர்களை மதிக்கிறேன். நம்மைப் போன்றவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அடுத்தது யூஎஸ்பி டிஸ்க். அது மவுன்ட் ஆகாத, அதாவது சர்வரோடு இணையாத நாளில் உங்கள் ஸ்கிரிப்ட் என்ன செய்யும்? அதே பெயரில் இருக்கிற காலி டைரக்டரிக்குள், அதாவது சர்வரின் சொந்த டிஸ்கிலேயே, டம்ப்பை எழுதும். நாலு நாளில் சர்வர் நிறைந்து டேட்டாபேஸே நின்றுவிடலாம். எழுதுவதற்கு முன் மவுன்ட்பாயின்ட் ஹைஃபன் க்யூ வைத்துச் சரிபாருங்கள். ஃபைல்களை இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கிற ஆர்சிங்கை டெலீட் ஆப்ஷனோடு பயன்படுத்துகிறவர்களுக்கு ஆபத்து இதற்கு எதிர்ப்பக்கம்: மூல டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை என்றால் காலி டைரக்டரியைப் பார்த்து, 'ஓ, எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள் போல' என்று பேக்கப்பையும் காலி செய்துவிடும்.

அப்புறம் ஊர். முதுநகரில் இருப்பவருக்கு நான் தண்ணீரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய பிறகு எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் அரை மீட்டருக்குக் கிட்டத்தட்ட மழை கொட்டியது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கம் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. சர்வரும் யூஎஸ்பி டிஸ்கும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் நனையும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்கிற பழைய விதி கடலோர ஊருக்கென்றே சொன்னது மாதிரி இருக்கிறது. சென்னையிலோ மும்பையிலோ இருக்கிற ஏதாவது கிளவுட் இடத்துக்குத் தினமும் ஒரு பிரதி போகட்டும். இரண்டில் மும்பையே மேல், சென்னையும் இதே கடலோரம். ரெஸ்டிக் என்ற இலவசக் கருவி அனுப்பும் முன்பே என்கிரிப்ட் செய்துவிடும், பிள்ளைகளின் முகவரி, பெற்றோர் போன் நம்பர் எல்லாம் இருக்கிற தரவு என்பதால் இதில் தயங்கவே வேண்டாம். ரெஸ்டிக்கின் பாஸ்வேர்டை மட்டும் அந்த சர்வரிலேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள், ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியர் பீரோவிலும் உங்கள் வீட்டிலும் இருக்கட்டும்.

கடைசியாக, இதைச் செய்யாமல் மேலே சொன்ன எதற்கும் அர்த்தம் இல்லை. மாதம் ஒரு முறை ஒரு பழைய கணினியில் அந்த டம்ப்பை ஏற்றிப் பாருங்கள். ஏற்றிவிட்டு, எல்லா மாணவர்களும் இருக்கிறார்களா என்று எண்ணுங்கள், ஒரு பிள்ளையின் பெயரைத் தேடி அதன் கடைசிக் கட்டண ரசீது வருகிறதா என்று பாருங்கள். இதையும் ஸ்கிரிப்டாக எழுதலாம்: தற்காலிக டேட்டாபேஸ் ஒன்று உருவாக்கு, டம்ப்பை ஏற்று, மாணவர் டேபிளில் எத்தனை வரி என்று எண்ணு, நேற்றைய எண்ணிக்கையைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தால் கத்து. பேக்கப் எடுக்கிற ஸ்கிரிப்டைவிட இந்த ஸ்கிரிப்டை நான் மேலாக நினைக்கிறேன்.

எங்கள் பகுதியில் அடிக்கடி கரண்ட் போகிறது. ராத்திரி 1 மணிக்கு ஓட வேண்டிய வேலை, சர்வர் அணைந்திருந்தால் அன்றைக்கு ஓடாமலே போய்விடுகிறதே?
*ஸ்கேன் சென்டர் ஊழியர், வில்லியனூர்*

சாதாரண கிரானுக்கு தவறிப்போன நேரத்தைத் திரும்பிப் பார்க்கத் தெரியாது. லினக்ஸில் சேவைகளை நடத்துகிற சிஸ்டம்டியின் டைமருக்கு மாறுங்கள். ஆன்கேலண்டர் என்ற வரியில் நேரத்தைச் சொல்லி, கீழே பெர்சிஸ்டென்ட் ட்ரூ என்று போட்டால், சர்வர் திரும்ப எழுந்ததும் 'நான் நேற்று ஒன்றை விட்டுவிட்டேன்' என்று உடனே ஓட்டிவிடும். தினசரி வேலைகளுக்கு அனாகிரானும் இதையே செய்யும்.

அப்படி எழுந்ததும் ஓடுகிற வேலை, அதே ஸ்கிரிப்டை நீங்கள் கையால் ஓட்டுவதோடு மோதலாம், அதனால் எஃப்லாக் ஹைஃபன் என் வைத்துப் பூட்டுங்கள். முந்தையது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் புதியது சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்ளும். யூபிஎஸ்சில் யூஎஸ்பி ஒயர் இருந்தால் அதை சர்வரில் சொருகி என்யூடி மென்பொருளைப் போடுங்கள், பேட்டரி தீரும் முன் அதுவே முறையாக ஷட்டவுன் செய்யும். நோயாளிகளின் படங்கள் இருக்கிற இடத்தில் இதைச் செய்யாமல் விடக் கூடாது.

பழைய லாக் ஃபைல்களை அழிக்க, கேள்வி கேட்காமல் அழித்துவிடுகிற ஆர்எம் ஹைஃபன் ஆர்எஃப் போட்டு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஓட்டவே கை நடுங்குகிறது. பாதுகாப்பாக எழுத வழி உண்டா?
*தனியார் நிறுவன ஊழியர், நெல்லிக்குப்பம்*

கை நடுங்குவது நல்லது. 2015 ஜனவரியில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் ஒரு பிழை வெளியே வந்தது. அதன் ஸ்கிரிப்டில் ஒரு மாறியின் பெயர், ஒரு ஸ்லாஷ், ஒரு நட்சத்திரக்குறி, முன்னால் ஆர்எம் ஹைஃபன் ஆர்எஃப். ஏதோ காரணத்தால் அந்த மாறி காலியாகிவிட, மிஞ்சியது ஸ்லாஷ் நட்சத்திரம், அதாவது கணினியில் இருக்கிற எல்லாமே. புகார் செய்தவருடைய சொந்த ஃபைல்கள் எல்லாம் போய்விட்டன, செருகியிருந்த வெளி டிஸ்கில் இருந்தவை உட்பட.

மாறியின் பெயரை நெளிவு அடைப்புக்குள் வைத்து, அடைப்புக்குள்ளேயே அதன் பின்னால் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போட்டு எழுதினால், அது காலியாக இருக்கும்போது பாஷ் அந்த வரியை ஓட்டாமல் நிறுத்திவிடும். அழிக்கிற வரி எதிலும் இது இருக்கட்டும். மாறிகளைச் சுற்றி எப்போதும் இரட்டை மேற்கோள் போடுங்கள், இல்லாவிட்டால் பெயருக்கு நடுவே இடைவெளி உள்ள ஒரு ஃபைல் இரண்டு ஃபைலாக உடையும்.

ஆனால் உங்கள் வேலைக்கு ஆர்எம்மே தேவையில்லை. ஃபைண்ட் கமாண்டில் டைரக்டரி, பெயர் லாக் என்று முடிவது, எம்டைம் ப்ளஸ் 30 (30 நாளுக்கு மேல் பழையது) என்று கொடுத்துக் கடைசியில் பிரின்ட் போட்டு ஓட்டுங்கள். எதெல்லாம் போகும் என்று பட்டியல் வரும். ஒரு வாரம் அந்தப் பட்டியலைப் பாருங்கள், திருப்தியானதும் பிரின்ட் இருந்த அதே இடத்தில் டெலீட் போடுங்கள். அதே இடத்தில் என்பது முக்கியம். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் படிக்கும், டெலீட்டை நிபந்தனைகளுக்கு முன்னால் வைத்துவிட்டால் நிபந்தனையைப் பார்க்கும் முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும்.

சாதாரண லாக்குகளுக்கு, பழையதைச் சுருக்கி அழிக்கிற லாக்ரொட்டேட் ஏற்கெனவே சர்வரில் இருக்கிறது, அதில் ஒரு சின்ன கான்ஃபிக் எழுதினால் போதும். ஃபைலை அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால் ஏதோ ஒரு புரோகிராம் அதை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் ப்ளஸ் எல் 1 யாரென்று காட்டிக்கொடுக்கும், அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும்.

ஏஐயிடம் கேட்டால் பத்து வினாடியில் ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறது. நான் எதற்கு பாஷ் படிக்க வேண்டும்? லேப்டாப்பில் விண்டோஸ்தான் இருக்கிறது.
*கல்லூரி மாணவி, தேவனாம்பட்டினம், கடலூர்*

எழுதி வாங்குங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் அதை எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக ஓட்டப்போவது நீங்கள், ராத்திரி 3 மணிக்கு சர்வர் விழுந்தால் போன் வரப்போவதும் உங்களுக்குத்தான். மேலே சொன்ன 20 பைட் ஃபைல், எஸ்எஸ்ஹெச் விழுங்கிய சர்வர் பட்டியல், இடம் மாறிய டெலீட் – மூன்றும் பார்வைக்கு ஒழுங்கான ஸ்கிரிப்டுகள். படித்துப் புரிந்துகொள்கிற அளவுக்கு பாஷ் தெரியாவிட்டால் அது தந்தது சரியா தப்பா என்று உங்களால் சொல்ல முடியாது.

கற்க வேண்டியதும் மலையளவு இல்லை. யூனிக்ஸில் பைப் வந்தது 1973-இல், பாஷ் வந்தது 1989-இல். அன்றைக்கு எழுதிய எளிய ஸ்கிரிப்டுகள் பெரும்பாலும் இன்றைக்கும் ஓடும். இவ்வளவு நாள் செல்லுபடியாகிற அறிவு கணினித் துறையில் அபூர்வம், அதனால்தான் மாணவர்களிடம் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன். விண்டோஸ் இருந்தால் பரவாயில்லை, டபிள்யூஎஸ்எல் போட்டால் உள்ளேயே உபுண்டு வந்துவிடும். ஷெல்செக் என்ற இலவசக் கருவியில் நீங்கள் எழுதியதையும் ஏஐ எழுதியதையும் போட்டுப் பாருங்கள். எந்த வரியில் என்ன ஆபத்து, ஏன் என்று காரணத்தோடு சொல்லும். ஒரு மாதம் அந்தக் காரணங்களைப் படித்தாலே நன்றாகத் தேறிவிடுவீர்கள்.

பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள் எழுதலாமா?
*வாசகர், அரியாங்குப்பம்*

வேண்டாம். தனி ஃபைலில் வைத்து, உங்களைத் தவிர மற்றவர்கள் படிக்க முடியாதபடி 600 பர்மிஷன் கொடுங்கள், மைசீக்வலுக்கு ஹோம் டைரக்டரியில் டாட் மை டாட் சிஎன்எஃப் என்ற ஃபைல் இதற்காகவே இருக்கிறது. கமாண்ட் வரியில் கொடுத்தால் அதே சர்வரில் இருக்கும் இன்னொருவர், ஓடுகிற வேலைகளைப் பட்டியலிடும் பிஎஸ் அடித்துப் பார்க்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கிற கிட்டில் ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்கள் என்றால் வரியை அழித்தால் போதாது, பழைய வரலாற்றில் அது அப்படியே இருக்கும். பாஸ்வேர்டையே மாற்றுங்கள்.

தினமும் மூன்று மணி நேரம் செய்த வேலையை ஸ்கிரிப்டாக மாற்றிவிட்டேன். இப்போது பத்து நிமிஷத்தில் முடிகிறது. மேனேஜரிடம் சொன்னால், அப்படியானால் நீ எதற்கு என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து சொல்லாமல் இருக்கிறேன்.
*பெயர் வேண்டாம், முதலியார்பேட்டை*

தம்பி, உங்கள் பயம் புரிகிறது, அது வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிக் கேட்கிற மேனேஜர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் சொல்லிவிடுங்கள், சொல்கிற விதத்தில் சொல்லுங்கள். 'வேலை குறைந்துவிட்டது' என்று போய் நிற்காமல், மிச்சமான நேரத்தில் இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்துவிட்டுப் போங்கள். பேக்கப்பை ஏற்றிப் பார்த்த அறிக்கை, எந்த சர்வரில் எஸ்எஸ்எல் சான்றிதழ் எப்போது முடிகிறது என்ற பட்டியல். இலவசமாகக் கிடைக்கிற லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் அதிகபட்சம் 90 நாள்தான் தாங்கும், தானாகப் புதுப்பிக்கிற வேலை நின்றுபோனது தெரியாமல் ஒரு திங்கட்கிழமை காலையில் வெப்சைட் சிவப்பு எச்சரிக்கை காட்டுகிற நிறுவனங்கள் எத்தனையோ.

ஒளித்து வைப்பதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. நீங்கள் லீவில் இருக்கும்போது அந்த ஸ்கிரிப்ட் நின்றால், அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது, பழி முழுக்க உங்கள் தலையில் விழும். ஸ்கிரிப்ட் எங்கே இருக்கிறது, எப்போது ஓடுகிறது, நின்றால் கையால் எப்படிச் செய்வது என்று அரைப்பக்கம் எழுதிப் பக்கத்து சீட்டுக்காரரிடமும் கொடுத்து வையுங்கள்.

கிரான்டேப்பைத் திருத்த கிரான்டேப் ஹைஃபன் இ அடிப்பதற்குப் பதிலாக ஹைஃபன் ஆர் அடித்துவிட்டேன். எல்லா வரிகளும் போய்விட்டன. திரும்ப எடுக்க முடியுமா?
*வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்*

கீபோர்டில் இரண்டு எழுத்தும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன, ஆர் அடித்தால் கேள்வி கேட்காமல் அழித்துவிடும். உடனே மூன்று இடங்களில் தேடுங்கள். ஸ்லாஷ் வார் ஸ்லாஷ் ஸ்பூல் ஸ்லாஷ் கிரான் டைரக்டரி உங்கள் பேக்கப்பில் இருந்தால் அதற்குள் உங்கள் பயனர் பெயரில் ஒரு ஃபைல் இருக்கும், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் சர்வரின் பொது லாக்கான சிஸ்லாகில் கிரான் என்று கிரெப் செய்யுங்கள், எந்த நேரத்தில் எந்த கமாண்ட் ஓடியது என்று வரி வரியாக இருக்கும், அதை வைத்துத் திரும்ப எழுதிவிடலாம். வாரத்துக்கு ஒருமுறை, மாதத்துக்கு ஒருமுறை ஓடுகிற வேலைகள் விட்டுப்போகும், அதனால் ரொட்டேட் ஆகிச் சுருங்கிக் கிடக்கிற பழைய லாக்குகளையும் இசட்கிரெப் வைத்துத் தேடுங்கள்.

எழுதி முடித்ததும் கிரான்டேப் ஹைஃபன் எல் அவுட்புட்டை ஒரு ஃபைலில் எடுத்து கிட்டில் போடுங்கள். இனிமேல் மாற்ற வேண்டியது எதுவானாலும் அந்த ஃபைலில் மாற்றி, கிரான்டேப் கமாண்டுக்கு அந்த ஃபைல் பெயரைக் கொடுத்து ஏற்றிக்கொள்ளுங்கள். ஹைஃபன் இ பக்கமே போக வேண்டாம்.